பிளேட்டோவைக் கூடி வாசித்தல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் நாங்கள் ஏழு பேர் மாதம் இருமுறை கூடி கிரேக்கத் தத்துவம் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஒரு தத்துவவாதியைப் பற்றி உரையாற்றுவார். தேலிஸில் தொடங்கி நான்கே கூட்டங்களில் அரிஸ்டாட்டிலுக்கு வந்துவிட்டோம். ஆனால் விவாதம் சூடுபிடிப்பதே இல்லை. உரை முடிந்ததும் ஆளாளுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். வெளிநாடுகளில் இதற்கென்றே அறிஞர் கழகங்கள் இருக்கின்றன அல்லவா? அவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள்? கிரேக்கம் தெரியாத நாங்கள் அதில் எதையாவது பின்பற்ற முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். உங்கள் கூட்டம் சோர்ந்துபோவதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: நான்கு கூட்டத்தில் அரிஸ்டாட்டில். அந்த வேகத்தில் போனால் யாரும் மூலநூலைத் தொடமுடியாது. நூல் நடுவில் இல்லாதபோது விவாதிக்கப் பொதுவாக ஒன்றும் இருப்பதில்லை, அபிப்பிராயம்தான் மிஞ்சும்.

சர்வதேச பிளேட்டோ கழகம் 1989ல் இத்தாலியின் பெருஜியாவில் உருவானது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உலகெங்கிலுமிருந்து வந்து கூடுகிறார்கள். கூடுகைக்கு ஒரே நூல், சிறிய நூல்கள் என்றால் இரண்டு மூன்று. பெருஜியாவில் ஃபீட்ரஸ், 2010ல் டோக்கியோவில் குடியரசு, 2019ல் பாரிஸில் பார்மெனிடீஸ். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் ஆகிய ஐந்தில் எந்த மொழியிலும் கட்டுரை வாசிக்கலாம். அரிஸ்டாட்டிலுக்கென்று 1957ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய சிம்போசியம் அரிஸ்டோடெலிகம் இன்னும் கறாரானது. அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே அமர்ந்து, ஒரு நூலின் அத்தியாயங்களைப் பங்கிட்டுக்கொண்டு அலசுவார்கள். எனக்கு எப்போதும் வியப்பளிப்பது லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கு. அரிஸ்டாட்டிலின் மெட்டாபிசிக்ஸில் ஸீட்டா என்ற ஒரே ஒரு புத்தகம், நிலையான பதிப்பில் 14 பக்கம். அதை 1975 முதல் 1979 வரை வரிவரியாக வாசித்தார்கள். பேசிய குறிப்புகள் தனி நூலாகவே வந்தன. இன்றும் ஸீட்டாவைப் படிப்பவர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

இவர்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடித்து உட்காரவைப்பது பக்க ஓரத்து எண்கள். 1578ல் ஹென்றி எஸ்தியென், லத்தீனில் ஸ்டெஃபானஸ், ஜெனீவாவில் பிளேட்டோவை மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். ஒவ்வொரு பக்கமும் ஏ முதல் இ வரை எழுத்துகளால் பிரிக்கப்பட்டிருந்தது. இன்று எந்த மொழியில் எந்தப் பதிப்பகம் போட்டாலும் நல்ல பதிப்பாக இருந்தால் அந்தப் பக்க எண்ணும் எழுத்தும், 70ஏ என்பதுபோல, ஓரத்தில் இருக்கும். அரிஸ்டாட்டிலுக்கு இம்மானுவேல் பெக்கர் 1831ல் பெர்லினில் வெளியிட்ட பதிப்பின் எண்கள். சாக்ரடீஸுக்கு முந்தையவர்களுக்கு ஹெர்மன் டீல்ஸ் 1903ல் தொகுத்த துணுக்குகளின் எண்கள்.

ஆகவே முதல் வேலை, எண் இல்லாத மலிவுப் பதிப்புகளை ஒதுக்கிவைப்பது. மொழிபெயர்ப்பு ஆளுக்கொன்றாக இருக்கட்டும், அது நல்லதுதான். இரண்டு மொழிபெயர்ப்பு முட்டிக்கொள்ளும் இடத்தில் பெரும்பாலும் மூலத்திலேயே ஒரு முடிச்சு இருக்கும். பெர்சியஸ் இணைய நூலகத்தில் கிரேக்க மூலமும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் இதே எண்களுடன் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்களில் ஒருவர் கிரேக்கத்தின் 24 எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டால்கூட, இரண்டு மொழிபெயர்ப்பிலும் வேறுவேறாக இருப்பது மூலத்தில் ஒரே சொல்தானா என்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

எந்த நூல்? பலரும் பிளேட்டோவின் உரையாடல்களில் யூதைஃப்ரோவைச் சொல்வார்கள், 2ஏ முதல் 16ஏ வரை 14 பக்கம்தான். நான் சொல்லமாட்டேன். 10ஏ முதல் 11பி வரை வரும் வாதம் புதியவர்களைத் திணறடித்துவிடும். மெனோவில் தொடங்குங்கள். 70ஏ முதல் 100பி வரை, சுமார் 30 பக்கம். இரண்டு மணிநேரக் கூட்டத்துக்கு இரண்டு பக்கம் என்றால் பதினைந்து கூட்டம், எட்டு மாதத்துக்குள் முடியும்.

கூட்டத்துக்கு ஒருவர் பொறுப்பு. அவர் உரையாற்றக்கூடாது. அரைப்பக்கம் உரக்க வாசிக்கவேண்டும். பிறகு அதிலுள்ள வாதத்தை எண்ணிட்ட வாக்கியங்களாக ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் தரவேண்டும்: எதை யார் சொன்னது, எதற்கு யார் ஆமாம் போட்டது, அதிலிருந்து என்ன முடிவு. பேசுபவர் எவரானாலும் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பேசவேண்டும். ‘பிளேட்டோ என்ன சொல்கிறாரென்றால்’ என்று யாராவது ஆரம்பித்தால் ‘எங்கே?’ என்று கேளுங்கள். வேதாந்தம், பௌத்தம், சித்தர் பாடல் ஒப்பீடெல்லாம் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு. ஒப்பீடு தவறல்ல, ஆனால் முதலில் நுழைந்தால் நூலை மூடிவிடுவோம். இன்னொருவர் குறிப்பெடுக்கட்டும், தீராத கேள்விகளை மட்டும். அடுத்த கூட்டம் அந்தக் கேள்விகளில் தொடங்கட்டும்.

82பி முதல் 85பி வரை வரும் பகுதியைத் தாளும் பென்சிலும் இல்லாமல் வாசிக்காதீர்கள். இரண்டடிப் பக்கமுள்ள சதுரம், பரப்பு நான்கு சதுர அடி. எட்டு சதுர அடிச் சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று சாக்ரடீஸ், தன்னோடு உரையாடும் மெனோ என்பவரின் அடிமைச் சிறுவனைக் கேட்கிறார். நான்கடி என்கிறான், பதினாறு வருகிறது. மூன்றடி என்கிறான், ஒன்பது வருகிறது. 84ஏ-வில் தெரியவில்லை என்று நின்றுவிடுகிறான். பிறகு நான்கு சதுரங்களைச் சேர்த்து வரைந்து ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தால் வெட்டினால் நான்கு பாதிகள் சேர்ந்து எட்டாகின்றன. 

கற்றல் என்பது ஆன்மா ஏற்கெனவே அறிந்ததை நினைவுகூர்வதுதான் என்று காட்டவே இந்தச் சோதனை. ‘நான் கற்பிக்கவில்லை, கேட்கத்தான் செய்கிறேன்’ என்கிறார் சாக்ரடீஸ். ஆனால் அந்த மூலைவிட்டத்தை முன்வைத்தது யார்? பையனல்ல. அவராகவே கொண்டுவருகிறார், அதன் பெயரையும் அவரே சொல்லித்தருகிறார். அப்படியென்றால் அவன் நினைவுகூர்ந்ததாக எப்படிச் சொல்வது? 85சி-யில் அவனிடம் இப்போது இருப்பது அறிவல்ல, சரியான அபிப்பிராயங்கள் மட்டுமே என்று சாக்ரடீஸே சொல்வதைச் சேர்த்து யோசியுங்கள். உங்கள் ஏழு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவீர்கள்.

அடுத்து 86பி. ‘கற்றல் என்பது நினைவுகூர்தல், இது பிளேட்டோவின் கோட்பாடு’ என்று கையேடுகள் ஒரே வரியில் சொல்லும். நூலில் சாக்ரடீஸ், மற்றதையெல்லாம் அடித்துச் சொல்லமாட்டேன் என்கிறார். தெரியாததைத் தேடவேண்டும் என்று நம்பினால் நாம் மேலானவர்களாகவும் துணிவுள்ளவர்களாகவும் ஆவோம், இதற்காக மட்டும் சொல்லாலும் செயலாலும் போராடுவேன் என்கிறார். கையேட்டில் தொடங்கியவர் கண்ணில் இந்த வரி படாது. அதனால்தான் இரண்டாம்நிலை நூல்களைப் பகுதியை வாசித்து முடித்தபிறகே எடுக்கச் சொல்கிறேன். எடுக்கும்போது பிளேட்டோ கழகத்தின் ஆய்விதழ் இணையத்தில் இலவசம். புதிய நூல்களுக்கு பிரின் மார் கிளாசிக்கல் ரிவ்யூ 1990 முதல் மதிப்புரைகள் வெளியிடுகிறது, அதுவும் இலவசம்.

மெனோ முடிந்ததும் பிளேட்டோவின் ஃபீடோவில் 72இ முதல் 77ஏ வரை மட்டும் எடுங்கள். நினைவுகூர்தல் அங்கே மறுபடி வருகிறது, 73ஏ-பி-யில் வரைபடங்களைக் காட்டிக் கேட்பதைப் பற்றி ஒரு குறிப்பும் உண்டு. இங்கே வாதம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைப் பார்க்க உங்கள் பழைய தாள்கள் வேண்டும். எறிந்துவிடாதீர்கள்.