கரியைப் புதைத்தால் காசா?

கேள்வி: எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறோம். அதை மண்ணில் போட்டால் கார்பன் கிரெடிட் என்று பணம் தருவார்களாமே, உண்மையா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: உண்மைதான். மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பனைத் திரும்பப் போகாமல் பூட்டி வைத்ததற்குத் தருகிற, விற்கக்கூடிய சான்றுதான் கார்பன் கிரெடிட். ஆனால் அடுப்புக்கு விற்கிற கரிக்கு ஒரு பைசா கிடையாது. எரித்தால் கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடுமே! மண்ணிலோ கான்கிரீட்டிலோ போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

சரி, அது மக்காமல் கிடக்கும் என்று எப்படி நம்புவது? நூறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தா பார்க்க முடியும்? அதனால் ஆய்வகத்தில் கரியிலுள்ள ஹைட்ரஜனுக்கும் கரிமக் கார்பனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். நல்ல சூட்டில் வெந்த கரியில் ஹைட்ரஜன் குறைவு, நுண்ணுயிர்கள் அதைச் சுலபத்தில் தின்ன முடியாது. ஐரோப்பிய பயோசார் (மண்ணில் போடுகிற கரி) சான்றிதழுக்கு, அணுக்களின் எண்ணிக்கையில் இந்த விகிதம் 0.7-ஐத் தாண்டக் கூடாது. கிரெடிட் வழங்குகிற பின்லாந்தின் புரோ.எர்த் போன்ற அமைப்புகள் மண்ணின் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகின்றன. நம்மூர் மண் சூடு, சூட்டில் கரி சீக்கிரம் சிதையும்; அதனால் அதே கரிக்கு இங்கே கிரெடிட் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

75 சதவீதம் கார்பன் உள்ள ஒரு டன் கரி, சுமார் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதில் சிதைவு, லாரி டீசல் எல்லாம் கழியும். அப்புறம் உங்கள் மூட்டத்துப் புகை இருக்கிறதே, அதிலுள்ள மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு, அது மொத்தக் கணக்கையே கவிழ்த்துவிடும். கிளம்பும் வாயுவையும் சேர்த்து எரித்துவிடுகிற உலை இருந்தால் பேசலாம்.