பழைய லேப்டாப்பில் ப்ராசஸர் மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: இன்டெல் ஐ5-2450எம் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். எதைத் திறந்தாலும் ஆமை வேகம். ஐ7 போட்டால் சரியாகிவிடுமா சார்?

ஆகாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, சிபியு 20, 30-இல் சும்மா கிடந்தால் ப்ராசஸர்மேல் பழி போட வேண்டாம். முதல் செலவு, பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. அடுத்தது ரேம்: இரண்டு ஸ்லாட்டிலும் ஆளுக்கொரு 4 ஜிபி. இரண்டும் முடிந்தபிறகும், வீடியோ கன்வர்ட் செய்யும்போதோ கம்பைல் செய்யும்போதோ சிபியு 100-ஐ விட்டு இறங்கவில்லை என்றால்தான் ப்ராசஸர் பேச்சு.

இன்னொன்றும் பாருங்கள். வேலை நடக்கும்போதும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், சூட்டினாலோ அடாப்டர் கோளாறினாலோ ப்ராசஸர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. அங்கே ஃபேன் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: என்னுடையது ஐ5-7200யு. ஐ7-க்கு மாற்ற முடியுமா?

முடியாது. மதர்போர்டோடு சால்டர் செய்தது. இன்டெலில் 'யு' என்று முடிந்தால் ஆசையை விட்டுவிடலாம், 'எச்க்யூ'வும் அப்படித்தான். 5-ஆம் தலைமுறையிலிருந்து (ஐ5-7200யு என்றால் முதல் இலக்கம் 7, அதாவது 7-ஆம் தலைமுறை) லேப்டாப் ப்ராசஸருக்குக் கழற்றி மாட்டும் சாக்கெட்டே கிடையாது. அப்படி ஒட்டிய சிப்பைச் சூடாக்கிப் பெயர்த்து மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்துக்கு வேறு லேப்டாப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எதையெல்லாம் மாற்றலாம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

2, 3-ஆம் தலைமுறையில் 'எம்', 'க்யூஎம்' என்று முடிபவை. 4-ஆம் தலைமுறையில் 'எம்', 'எம்க்யூ'. பெயரை மட்டும் நம்பாமல் சிபியு-இசட் மென்பொருளில் 'பேக்கேஜ்' வரியைப் பாருங்கள். 'PGA' (rPGA 988B போல) என்று வந்தால் ஊசி வகை, கழற்றலாம்; 'BGA' (FCBGA 1023, 1224 போல) என்று வந்தால் பந்து வகை, ஒட்டியது. 2, 3-ஆம் தலைமுறைகளுக்குச் சாக்கெட் ஒன்றே. 4-ஆம் தலைமுறைக்கு வேறு, அது இதில் உட்காராது.

கேள்வி: மதர்போர்டின் சிப்செட் எச்எம்65. சாக்கெட் ஒன்றுதானே, 3-ஆம் தலைமுறை போட்டுவிடட்டுமா அண்ணா?

உட்காரும், ஆனால் ஓடுமா என்பதை பயாஸ்தான் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) முடிவு செய்யும். அந்த ப்ராசஸருக்குரிய மைக்ரோகோட் (அதை இயக்கத் தேவையான குறியீடு) பயாஸில் இல்லையென்றால் கறுப்புத் திரைதான். எச்எம்65 லேப்டாப்கள் பலவற்றில் அது இல்லை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் எந்தெந்த ப்ராசஸர் பட்டியலிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 3-ஆம் தலைமுறை இல்லையென்றால் 2-க்குள்ளேயே நில்லுங்கள். பயாஸ் அப்டேட் இருந்தால் பழைய ப்ராசஸர் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

கேள்வி: இரண்டு கோரிலிருந்து நான்கு கோருக்குப் போனால் சூடு தாங்குமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஐ5-2450எம் 35 வாட். ஐ7-2670க்யூஎம் 45 வாட். ஒற்றைக் குழாய் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) அந்தக் கூடுதல் 10 வாட்டுக்குத் திணறும். டர்போ வேகம் சில நொடிகளில் இறங்கிவிடும். 65 வாட் அடாப்டர் என்றால் 90-க்கு மாற வேண்டிவரலாம். ஐ7-2640எம் 35 வாட்டுக்குள் அடங்கும், ஆனால் அதுவும் இரண்டு கோர்தான். 2.5 கிகாஹெர்ட்ஸ் 2.8 ஆவதற்குக் காசு செலவழிப்பது வீண்.

3-ஆம் தலைமுறை ஓடும் போர்டு என்றால் ஐ7-3632க்யூஎம் அருமையான தேர்வு: நான்கு கோர், 35 வாட். இதே பெயரில் சால்டர் வகையும் விற்பனைக்கு வரும். சிப்பின் அடியில் ஊசிகள் இருக்கும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். 4-ஆம் தலைமுறைக்காரர்களுக்கு 37 வாட் ஐ7-4712எம்க்யூ. மேலே 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் அது சோதனைச் சிப், தொடாதீர்கள்.

கேள்வி: மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

அடாப்டர், பேட்டரி இரண்டையும் கழற்றி, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஹீட்சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். கழற்றும்போது கடைசி எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-இலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, ஒரே மூலையை இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு உடையும்.

சாக்கெட்டின் பக்கத்துத் திருகைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் அரைச்சுற்று திருப்பினால் ப்ராசஸர் விடுபடும். முக்கோணக் குறியைப் பொருத்தி வைத்தால் புதியது தானாக இறங்கும். அழுத்தத் தோன்றினால் ஏதோ தப்பு. பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு அரிசி அளவு புதிய பேஸ்ட் போதும். கிராஃபிக்ஸ் மெமரிமேல் இருக்கும் தெர்மல் பேடைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கே பேஸ்ட் தடவாதீர்கள், இடைவெளி நிரம்பாது.

கேள்வி: மாற்றிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை.

முதல்முறை தானே அணைந்து மீண்டும் எழலாம், கொஞ்சம் பொறுங்கள். வரவில்லையென்றால் ரேமைக் கழற்றி மாட்டி, ஒரே ஒரு ரேமோடு முயலுங்கள். பிறகு ப்ராசஸரை எடுத்து வளைந்த ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். பழையதைப் போட்டதும் ஓடினால் புதிய சிப்பை பயாஸ் ஏற்கவில்லை, அல்லது சிப்பே பழுது.

கேள்வி: இதைச் செய்தால் விண்டோஸ் 11 வருமா?

முறைப்படி வராது. இன்டெலில் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) கேட்கும், கழற்றி மாட்டும் லேப்டாப் ப்ராசஸரோ 4-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. லினக்ஸுக்குப் போகத் தயார் என்றால் மட்டும் இந்தச் செலவைச் செய்யுங்கள்.