மிலிட்டரி லாரியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி ஏற்றுவது அவ்வளவு கஷ்டமா?

ஏலத்தில் பழைய சக்திமானோ ஸ்டாலியனோ எடுத்திருப்பீர்கள், உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் கையை விரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் இ.எம்.இ.யில், அதாவது ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கிற பிரிவில், 22 வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம்.

இறக்குவது கஷ்டமே இல்லை. பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டர், டீசல் குழாய், ஏர் குழாய் என்று ஒவ்வொன்றாக எடுத்து அடையாளம் கட்டி வைத்தால் போதும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் கியர்பாக்ஸின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கும், முன் அச்சுக்கும் ஒரு ஷாஃப்ட் போகும். கழற்றும் முன், ஷாஃப்ட் போல்ட் போட்டு இணைகிற ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் பஞ்ச் உளியால் புள்ளி அடித்துக்கொள்ளுங்கள், திரும்ப அதே மாதிரி பூட்டலாம்.

ஏற்றும்போதுதான் வண்டி ஆளைச் சோதிக்கும். 1991-இல் ராஜஸ்தானில் இருந்தோம். மறுநாள் விடியக்காலையில் கான்வாய். ஒரு சக்திமானுக்குக் கிளட்ச் மாற்றி, கியர்பாக்ஸை ஜாக்கியில் தூக்கிக் கொடுத்தால், கடைசி ஒரு இஞ்ச் மட்டும் உள்ளே போகவில்லை. அவசரத்தில் நான் போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுக்கப் பார்த்தேன். எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த மெக்கானிக், எங்கள் உஸ்தாத், தக்கலைக்காரர். ஸ்பேனரோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்கா, போல்ட்டு பிடிச்சு நிக்கதுக்கு உள்ளது. இழுக்கதுக்கு உள்ளது இல்ல."

திரும்ப முழுக்க இறக்க வைத்தார். கிளட்ச் பிளேட்டை நான் கண்மதிப்பில் நடுவாக வைத்திருந்தேன், ஒரு நூல் விலகியிருந்தது. பழைய கியர்பாக்ஸிலிருந்து எடுத்து வைத்திருந்த இன்புட் ஷாஃப்ட்டை (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைகிற தண்டு) உள்ளே விட்டு, பிளேட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினோம். அப்புறம் கியரில் போட்டு, பின்னால் ஃபிளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னார். ரெண்டு பேர் தள்ள, பல்லு பல்லில் விழுந்து தானாகவே போய் ஒட்டியது. இடைவெளியில் நகம்கூட நுழையவில்லை. அன்று நான் முறுக்கியிருந்தால் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் காது உடைந்திருக்கும், இல்லையென்றால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்திருக்கும்.

"பட்டாளத்தில் கிரேன் இருக்கும், ஆள் இருக்கும், இங்கே என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. குலசேகரம் பக்கம் மரத்தடி இழுக்கிற ஒரு சக்திமானின் எஞ்சினை, ரப்பர் தோட்டத்து மழையில், மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தி, செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) தூக்கி ஏற்றியிருக்கிறேன். சக்திமான் தயாரிப்பே ஜபல்பூரில் 1996-உடன் நின்றுபோனது. அந்த வண்டி இன்னும் ஓடுகிறது.

இவ்வளவு தெரிந்தவனுக்கு ஊர் திரும்பியதும் கிடைத்த வேலை என்ன தெரியுமா? நாகர்கோவிலில் ஒரு கடையில் வாட்ச்மேன். மெக்கானிக் வேலைக்கு என்று போய்க் கேட்டவனை, "மிலிட்டரிதானே, ராத்திரி காவலுக்கு நில்லுங்க" என்றார்கள். காவல் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் கைத்தொழிலோடு திரும்பி வருகிற எத்தனையோ பேரை இப்படித்தான் கேட் வாசலில் உட்கார வைக்கிறார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஏற்றி முடித்ததும் டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுங்கள். டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் மோட்டாரை இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள், அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். கியர்பாக்ஸ் பாதியில் நின்றால் முறுக்காதீர்கள். எந்த வண்டி, எவ்வளவு இடைவெளி நிற்கிறது என்று எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.