சராசரி 12 நாள் வந்தால் கணக்கு தப்பா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ரெக்கார்டு ரூமில் இருக்கிறேன். எலும்பு முறிவு வார்டில் போன மாதம் 10 பேர் டிஸ்சார்ஜ். 9 பேர் தலா 4 நாள், ஒருவர் மட்டும் 84 நாள். சராசரி 12 நாள் என்று எழுதினேன், மேலாளர் நம்ப மறுக்கிறார். இறப்பு விகிதத்துக்கு யார் யாரைச் சேர்க்க வேண்டும்?

உங்கள் கணக்கு சரிதான். 36ம் 84ம் சேர்ந்து 120, அதை 10ஆல் வகுத்தால் 12. ஆனால் அந்த வார்டில் 12 நாள் இருந்தவர் ஒருவர்கூட இல்லையே! அதற்காக 84 நாள் இருந்தவரைக் கணக்கிலிருந்து தூக்கிவிடாதீர்கள், அவர் நிஜமாகவே அந்தப் படுக்கையில் கிடந்தவர். நாட்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வரும் எண்ணை, இங்கே 4, சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சேர்ந்த நாளை எண்ணுகிறோம், போகும் நாளை எண்ணுவதில்லை. 3ஆம் தேதி வந்து 7ஆம் தேதி போனால் 4 நாள். அன்றே வந்து அன்றே போனால் 1. அப்புறம், பலர் சறுக்குவது இங்கேதான்: அந்த 84 நாளில் பெரும்பகுதி முந்தைய மாதங்களில் கழிந்திருந்தாலும் மொத்தமும் டிஸ்சார்ஜ் ஆன மாதத்தில்தான் விழும். படுக்கை நிரம்பிய விகிதத்துக்கு அப்படியல்ல, அந்த மாதத்தின் ஒவ்வொரு நள்ளிரவிலும் படுக்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கை, அதாவது நள்ளிரவுத் தலைக்கணக்கு, மட்டும்தான்: 20 படுக்கை, 30 நாள் என்றால் 600, தினசரித் தலைக்கணக்கின் கூட்டுத்தொகை 450 என்றால் 75 சதவீதம்.

இறப்பு விகிதத்தில் இந்த இரண்டையும், அதாவது போனவர்களின் கணக்கையும் ஒரு நாள் தலைக்கணக்கையும், கலந்தால் விபரீதம். 1863இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட அட்டவணையில் லண்டனின் 24 மருத்துவமனைகளுக்கு இறப்பு 90.84 சதவீதம் என்று இருந்தது. 1861 முழுவதும் இறந்த 3,828 பேரை, ஏப்ரல் 8 என்ற ஒரே நாளில் உள்ளே இருந்த 4,214 பேரால் வகுத்திருந்தார்கள். ஆண்டு முழுக்க வந்துபோனவர்கள் கீழே, அதாவது வகுக்கும் எண்ணில், இல்லவே இல்லை.

ஆகவே இறந்தவர்களின் எண்ணிக்கையை மேலே வைத்து, அந்த மாதம் வார்டைவிட்டுப் போன எல்லோரையும், இறந்தவர்கள் உட்பட, கீழே வையுங்கள். உயிரில்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள் இதில் வரமாட்டார்கள். சேர்ந்து 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்களை நீக்கித் தனி விகிதம் கேட்டால், மேலும் கீழும் இரண்டிலும் கழியுங்கள்.

கடைசி நேரத்தில் "வீட்டுக்கே கொண்டுபோறோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகிறார்களே, அவர்கள் ஏட்டில் உயிரோடு போனவர்கள். அவர்களுக்குத் தனிப் பத்தி போட்டு, எண்ணிக்கையை இறப்பு விகிதத்துக்கு நேர் கீழேயே எழுதி மேலாளரிடம் கொடுங்கள்.