ஆசிரியரும் நட்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். எம்.எட். படித்தபோது, கல்வி என்பது உரையாடல் என்று சொன்ன பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயும் யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபரும் பாடத்தில் வந்தார்கள். அந்த உற்சாகத்தில், வேலைக்கு வந்ததும் ‘என்னை நண்பனாக நினைத்துக்கொள்ளுங்கள், எதையும் கேட்கலாம்’ என்று மாணவர்களிடம் சொன்னேன். இப்போது பாடத்தில் கேள்வி கேட்டால் எல்லோரும் குனிந்துகொள்கிறார்கள். இடைவேளையில் ஒருவன் என் தோளில் கைபோட்டுப் பேசுகிறான். மூத்த ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். உரையாடல் என்பது புத்தகத்தில் மட்டும்தானா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லும் இருவருமே ஆசிரியரை நண்பராகச் சொன்னவர்கள் அல்லர். பூபர் அதை வெளிப்படையாகவே மறுத்தவர். 1925இல் ஹைடல்பெர்க்கில் கல்வியைப் பற்றி ஆற்றிய உரையில், ஆசிரியர் தன் இடத்தில் நின்றபடியே மாணவனின் பக்கத்திலிருந்தும் உணர வேண்டும் என்கிறார். மாணவனுக்கு அந்தக் கடமை கிடையாது. ஆசிரியரின் பக்கத்திலிருந்து அவனால் உணரவும் முடியாது. அவனும் அப்படி உணரத் தொடங்கிவிட்டால் உறவு நட்பாகிவிடும், கல்வி அங்கே முடிந்துவிடும். 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அவரோடு மேடையில் உரையாடினார். சிகிச்சை பெறுபவரும் தானும் சமமாகவே சந்திக்கிறோம் என்றார் ரோஜர்ஸ். எழுபத்தொன்பது வயதுக் கிழவரான பூபர் விட்டுக்கொடுக்கவில்லை. உதவி தேடி வந்தவர் சிகிச்சை பெறுபவர்தானே, நீங்கள் இல்லையே என்பது பூபரின் வாதம்.

ஆகவே தோளில் விழும் கையை நீங்கள் தயங்காமல் எடுத்துவிடலாம். கடினமானது மற்றது, மாணவனின் பக்கத்திலிருந்து உணர்வது. அது ஃப்ரெய்ரேக்கே எளிதில் வரவில்லை.

பிரேசிலின் ரெசிஃபே நகரில், தொழிலாளர் குடும்பங்களுக்கான ஒரு சமூகசேவை நிறுவனத்தின் கல்விப் பிரிவில் அவர் வேலைபார்த்த காலம். பிள்ளைகளை அடிக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு மாலையில் பெற்றோரிடம் பேசினார். குழந்தைகளின் உளவியலை ஆராய்ந்த ழான் பியாஜேயை மேற்கோள் காட்டி, அடியை விட்டு அன்பான பேச்சுக்கு மாறச் சொன்னார். முடித்ததும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளி எழுந்தார். பேச்சு அழகாக இருந்தது என்று பாராட்டிவிட்டு, ‘நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் தெரியுமா?’ என்று கேட்டார். ஃப்ரெய்ரேயின் வீட்டை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதில் எத்தனை அறை, யார் யார் எங்கே படுப்பார்கள், குழாயில் தண்ணீர் வருவது வரை சொன்னார். பிறகு தங்கள் வீடுகளை விவரித்தார். உடல் களைத்துத் திரும்பும் அப்பா, பசியும் சத்தமுமாக இருக்கும் பிள்ளைகள், ஒண்டக்கூட இடமில்லாத குடிசை. நாங்கள் அடிப்பது அன்பில்லாததால் இல்லை, இந்த வாழ்க்கை வேறு வழி விடுவதில்லை என்று முடித்தார். ஃப்ரெய்ரே நாற்காலியில் குறுகிப்போனார். வீடு திரும்பும் வழியில் மனைவி எல்சாவிடம், அவர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை போலும் என்றார். அவர்களை உங்களுக்குத்தான் புரியவில்லையோ என்று எல்சா திருப்பிக் கேட்டார். எம்.எட். பாடநூல்களில் எல்சாவின் கேள்விக்கு இடமிருக்காது. அவை ஃப்ரெய்ரேயை வரையறைகளாக உலர்த்திக் கொடுப்பவை.

உங்கள் வகுப்பின் மௌனத்துக்கும் அவரிடம் ஒரு கதை உண்டு. ஒருமுறை உழவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ‘மன்னிக்க வேண்டும் ஐயா, நீங்கள் விஷயம் தெரிந்தவர், எங்களுக்கு என்ன தெரியும், நீங்களே பேசுங்கள்’ என்றார் ஒருவர். ஃப்ரெய்ரே ஒரு விளையாட்டு வைத்தார். ஆளுக்கு மாறிமாறிப் பத்துக் கேள்விகள். மார்க்ஸின் சிந்தனையில் தத்துவவாதி ஹெகலுக்கு என்ன இடம் என்று அவர் கேட்டார், விடை வரவில்லை. மண்ணுக்கு ஏன் சுண்ணாம்பு இடுகிறோம் என்று அவர்கள் கேட்டார்கள், அவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் பத்துக்குப் பத்தில் முடிந்தது. கவனியுங்கள், அவர் ஹெகலைத் தெரியாதவர்போல நடிக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதால் மட்டும் ஒரே நிலைக்கு வந்துவிடுவதில்லை என்று பிற்காலத்தில் தெளிவாகவே எழுதினார்.

நீங்கள் வகுப்பில் கேட்பவை பெரும்பாலும் விடை உங்கள் கையில் இருக்கும் கேள்விகளாகத்தான் இருக்கும். நண்பர் கேட்டாலும் அது தேர்வுதான், மாணவருக்கு அது தெரியும். பணமும் வங்கியும் பற்றிய பாடம் வரும்போது, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். வங்கியில் நகைக்கடன் கிடைக்கும்போது அவர்கள் தெருவில் ஏன் இன்னும் தண்டல்காரரிடம் வாங்குகிறார்கள்? என்ன நேரத்தில், என்ன அவசரத்தில்? பதிலைக் கரும்பலகையில் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், பிறகு பாடநூலின் விளக்கத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். அதைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை, கூச்சப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘உன் வீட்டில் எவ்வளவு கடன்?’ என்று யாரையும் எழுப்பிக் கேட்டுவிடாதீர்கள். தெருவைப் பற்றியே கேளுங்கள். வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.