கிளவுட் கேமிங் சந்தாவா, கிராஃபிக்ஸ் கார்ட்டா?

கேள்வி: அண்ணா, நான் கோண்டாவிலில் இருக்கிறேன். ஏ.எல். எழுதிவிட்டேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு, கொம்பியூட்டர்தான் பழசு. ரொறொன்ரோவில் இருக்கும் மாமா, ஒரு வருடக் கிளவுட் கேமிங் சந்தாவை மொத்தமாகத் தன் கார்ட்டில் கட்டித் தருகிறேன் என்கிறார். கேம் கம்பனியான ஆக்டிவிஷனை மைக்ரோசொஃப்ட் வாங்கிவிட்டதால், ஆக்டிவிஷனின் துப்பாக்கிச் சண்டைக் கேமான கோல் ஒஃப் டியூட்டி இனிக் கிளவுட்டில் மைக்ரோசொஃப்ட்டிடம் மட்டும்தான் கிடைக்கும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். சந்தா எடுப்பதா, அந்தக் காசைக் கிராஃபிக்ஸ் கார்ட்டுக்குப் போடுவதா?

பதில்: தம்பி, ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட மட்டும் மாமாவை விடாதீர்கள். கிளவுட் கேமிங் என்றால் கேம் ஓடுவது தூரத்துச் சேர்வரில், உங்கள் திரைக்கு வருவது அதன் வீடியோ மட்டும்.

உங்கள் கூட்டாளிகள் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான். 68.7 பில்லியன் டொலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கப்போவதாக மைக்ரோசொஃப்ட் 2022 ஜனவரியில் அறிவித்தது. சோனியின் பிளேஸ்டேஷனுக்குக் கோல் ஒஃப் டியூட்டி இனிக் கிடைக்குமா என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் 2023 ஏப்ரலில் பிரித்தானியப் போட்டி ஆணையம் இந்த இணைப்பைத் தடுத்ததற்குக் காரணம் கிளவுட் கேமிங். உலகக் கிளவுட் கேமிங் சந்தையில் 60 முதல் 70 சதவீதம் அப்போதே மைக்ரோசொஃப்ட்டிடம் இருந்ததாக ஆணையம் கணக்கிட்டது. எக்ஸ்பொக்ஸ் கேம் பெட்டி அவர்களுடையது, அசூர் என்ற கிளவுட் சேர்வர்கள் அவர்களுடையவை, விண்டோஸும் அவர்களுடையது. கணினி கேம்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்கே எழுதப்படுவதால், போட்டிக் கம்பனி தன் சேர்வரில் அவற்றை ஓட்ட மைக்ரோசொஃப்ட்டுக்கே உரிமக் காசு கட்டவேண்டிவரும். இதற்குமேல் கோல் ஒஃப் டியூட்டியும் அதே கைக்குப் போனால், சந்தை முளைக்கும்போதே மற்றவர்களைக் கிள்ளிவிடலாம் என்பதுதான் பயம்.

அந்தப் பயத்துக்கு ஐரோப்பாவும் பிரித்தானியாவும் வேறு வேறு மருந்து கொடுத்தன. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் உள்ள ஒருவர் ஆக்டிவிஷன் கேமை வாங்கியிருந்தால், விரும்பிய கிளவுட் சேவையில் அதை விளையாடும் உரிமை அவருக்கே உண்டு. இந்த வாக்குறுதி 10 வருடங்களுக்கு. பிரித்தானியா கேட்டது வேறு. வலயத்துக்கு வெளியே, ஏற்கனவே இருக்கும் ஆக்டிவிஷன் கேம்களுக்கும் அடுத்த 15 வருடங்களில் வரப்போகும் கேம்களுக்குமான கிளவுட் உரிமை யூபிசொஃப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பனிக்கு விற்கப்பட்டது. அதன் பிறகுதான் 2023 ஒக்டோபர் 13 அன்று இணைப்பு முடிந்தது.

நம்மவர்கள் பரந்திருக்கும் நாடுகளை வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று புரியும். பாரிஸ் லா சப்பலில் இருக்கும் மச்சானுக்கும் ஒஸ்லோவில் இருக்கும் அக்காவுக்கும் அந்த நேரடி உரிமை உண்டு. லண்டன் சித்தப்பாவுக்கும் சூரிச் பெரியம்மாவுக்கும் உங்கள் மாமாவுக்கும் கிடையாது. கோண்டாவிலில் இருக்கும் உங்களுக்கும் கிடையாது. நமக்கு யூபிசொஃப்ட் யாருக்கு உரிமம் கொடுக்கிறதோ அவர்களிடம்தான். அது மைக்ரோசொஃப்ட்டுக்கும் கொடுக்கலாம், போட்டியாளருக்கும் கொடுக்கலாம். ஆகவே கோல் ஒஃப் டியூட்டி கிளவுட்டில் ஒரே இடத்தில் பூட்டப்படும் என்று நான் நினைக்கவில்லை.

விலை விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மைக்ரோசொஃப்ட்டின் கேம் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் 2025 ஒக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 19.99 டொலரிலிருந்து 29.99 ஆனது. இணைப்பு மட்டுமே காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் கூகுளே ஸ்டேடியா என்ற தன் கிளவுட் கேமிங் சேவையை 2023 ஜனவரியில் மூடிவிட்டுப் போன சந்தையில், ஒரே தடவையில் பத்து டொலர் ஏற்றத் துணிச்சல் எங்கிருந்து வரும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. யூபிசொஃப்டிடம் உள்ள உரிமை கேமைப் பூட்டாமல் தடுக்கும். மாதக் கட்டணத்தை அது தடுக்காது. நமக்குக் கிட்ட ஒரு சேர்வரைக் கொண்டுவந்து வைக்கவும் செய்யாது.

உங்களுக்கு உண்மையான தலைவலி அந்தச் சேர்வர்தான். ஃபைபரில் ஒளி 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறக்குறைய 1 மில்லிசெக்கன் எடுக்கும். கோண்டாவிலிலிருந்து கொழும்பு, அங்கிருந்து கடலடிக் கேபிள், பிறகு சிங்கப்பூர் என்றால் ஒளியின் பயணத்துக்கே 30 மில்லிசெக்கனுக்கு மேல். வீடியோவைச் சுருக்கி அனுப்பி விரிக்கும் நேரம் இதற்கு மேலதிகம். செக்கனுக்கு 60 ஃபிரேமில் (படங்களில்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெக்கன்தான். செஸ், கார் ஓட்டுவது, கதை கேம் எல்லாம் சமாளிக்கும். கோல் ஒஃப் டியூட்டியில் நீங்கள் சுடுவதற்குள் செத்துவிடுவீர்கள். மாமாவின் கனடாக் கணக்கை, வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டு அங்கத்தைய சேர்வரிலேயே ஓட்டலாம் என்ற யோசனை இருந்தால் அதை விடுங்கள். அவ்வளவு தூரத்துக்குப் போய்வரவே 130 மில்லிசெக்கன் தாண்டும். விபிஎன் இல்லாவிட்டால், காசு ரொறொன்ரோவில் கட்டினாலும் சேவை பார்ப்பது உங்கள் இணைப்பு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைத்தான். அதனால் கட்டுவதற்கு முன் நாடுகளின் பட்டியலில் இலங்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாவும் சும்மா இல்லை. 20 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 9 ஜிபி. தினம் இரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் 540 ஜிபி. உங்கள் பக்கேஜ் தாங்குமா?

சந்தாவே வேண்டுமென்றால், கேமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் சொந்தமாக வாங்கி, வாங்கிய கேமை ஓட்டவிடும் ஜிஃபோர்ஸ் நவ் போன்ற சேவையைத் தேடுங்கள். சேவை மூடினாலும் கேம் உங்களிடம் இருக்கும். அங்கேயும் மாதம் 100 மணித்தியால வரம்பு வைத்திருக்கிறார்கள். கேம் பாஸ் மாதிரி மொத்த நூலகத்தையும் திறந்துவிடும் சந்தாவில், கட்டுவதை நிறுத்திய அன்றே கதவு மூடும்.

சரி, மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பட்டியலில் இலங்கை இருக்கும் சேவைக்கு ஒரு மாதம் மட்டும் கட்டட்டும். இரவு எட்டு மணிக்கு, ஊரே இணையத்தில் இருக்கும் நேரத்தில், ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டு விளையாடிப் பாருங்கள். குறி பிந்தினால் மிச்சக் காசு கிராஃபிக்ஸ் கார்ட்டுக்கு. கார்ட்டுக்கு மின்சாரம் போதுமா என்று பார்க்க, கடைக்குப் போகமுன் உங்கள் பழைய கொம்பியூட்டரின் பவர் சப்ளை எத்தனை வாட்ஸ் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.