'பங்க்கம்' என்றால் என்ன? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஒரு ஆங்கிலத் தலையங்கத்தில் 'பங்க்கம்' (bunkum) என்று படித்தேன். நம்ம 'மானபங்கம்' பங்கமா இது?

பதில்: சம்பந்தமே இல்லை. 'பயம்' என்னும்போது வருகிற ப-வில் தொடங்குங்கள், உச்சரிப்பு சரியாக வரும். ஆதாரமும் இல்லாமல் உள்ளே விஷயமும் இல்லாமல் ஒருவர் அடித்துவிடுகிற பேச்சுதான் பங்க்கம்.

கேள்வி: எங்கிருந்து வந்தது?

பதில்: ஒரு ஊர்ப்பக்கத்துப் பெயரிலிருந்து. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் பங்க்கம் (Buncombe) என்று ஒரு கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி ஒரு பகுதி, இருக்கிறது, ஆஷ்வில் நகரம் அங்கேதான். 1820-ல் மிசூரியை அடிமை முறையோடு மாநிலமாகச் சேர்ப்பதா என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பெரிய விவாதம், வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று எல்லோரும் சத்தம் போடுகிற நேரத்தில் அந்தப் பகுதி உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் எழுந்து, என் தொகுதிக்காரர்கள் எதிர்பார்க்கிறார்கள், பங்க்கத்துக்காக நான் பேசியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்புறம் வெற்றுப் பேச்சுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, எழுத்துக்கூட்டலும் மாறிவிட்டது. அந்த ஊர் மக்கள் பாவம், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

கேள்வி: 'டிபங்க்' இதிலிருந்தா?

பதில்: ஆமாம். பங்க்கம் சுருங்கி 'பங்க்' ஆனது. வரலாறு என்பதே ஏறக்குறைய பங்க்தான் என்று ஹென்றி ஃபோர்டு 1916-ல் சொன்னது பிரபலம். 1923-ல் வில்லியம் உட்வர்ட் தன் நாவலில், பங்க்கை அம்பலப்படுத்துவது என்ற பொருளில் 'டிபங்க்' என்று எழுதினார். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த தகவலுக்குக் கீழே 'பொய்' என்று மட்டும் போடுவது டிபங்க் ஆகாது, அது வெறும் மறுப்பு. எங்கே தப்பு என்று எடுத்துக் காட்ட வேண்டும்.

கேள்வி: பன்மை உண்டா?

பதில்: கிடையாது. ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் 'எ' (a) போடாதீர்கள்.

கேள்வி: ஆபீசில் என்மேல் பொய்ப் புகார். விளக்கக் கடிதத்தில் பங்க்கம் என்று எழுதலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், படிக்கிறவருக்கு அது திட்டுவது போல இருக்கும். 'பேஸ்லெஸ்' அல்லது 'அன்ஃபவுண்டட்' போடுங்கள், இரண்டுமே புகாருக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லும். 'அன்சப்ஸ்டான்ஷியேட்டட்' என்று பலர் கனமாக இருக்கட்டும் என்று எழுதுகிறார்கள், அதற்கு இன்னும் ஆதாரம் காட்டப்படவில்லை என்றுதான் பொருள், நாளைக்கே ஆதாரம் வரலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்களுக்கு அது நேர்மையான சொல். நீங்கள் செய்யவில்லை என்று உங்களுக்கே தெரியும்போது அந்தக் கதவை ஏன் திறந்து வைக்க வேண்டும்?